எடை போட்டபின் வாங்கிய டயர்

இந்த ஜூலையில் ஹூஸ்டனிலிருந்து மேற்கு டெக்சஸிலுள்ள டேவிஸ் மலைவரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பினோம். போக வர 1,200 மைல். பகலில் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். வாசலில் நிறுத்தியதும் நாலு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். புடைப்பு இல்லை, கீறல் இல்லை. மறுநாள் காலை டயர் ஆறியபின் கேஜ் வைத்தால் காற்றும் புறப்பட்ட அளவிலேயே நின்றது. 2 வருஷத்துக்கு முன்னால் இதே ஐ-10 சாலையில், சொனோராவுக்கும் ஒசோனாவுக்கும் நடுவில், இடப்பக்கப் பின்டயர் வெடித்துப் பொட்டல்வெளியில் நின்றோம். அங்கிருந்து இங்கு வரை நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். கனமான டிரெய்லருக்கு டயர் தேடுகிறவர்களுக்கு நான் இடறிய இடங்களும் சேர்ந்தே தெரியட்டும்.

முதலில் வண்டி. 30 அடி நீள டிராவல் டிரெய்லர். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் அடங்கிய சின்ன வீடு, பிக்கப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பது. 2016-ல் செய்தது, 2021-ல் இன்னொருவரிடமிருந்து வாங்கினோம். முழுச் சுமையோடு 8,800 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4 டன். இரண்டு அச்சு, நாலு சக்கரம். டயர் எஸ்.டி. 225/75 ஆர் 15, லோட் ரேஞ்ச் டி. லோட் ரேஞ்ச் என்பது டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்லும் ரக எழுத்து. எஸ்.டி. என்பது டிரெய்லருக்கென்றே செய்யும் டயருக்குப் போடும் எழுத்து. 65 பி.எஸ்.ஐ. காற்றில் ஒரு டயர் 2,540 பவுண்டு தாங்கும் என்று டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருந்தது. நாலையும் கூட்டினால் 10,160. வண்டியோ 8,800. தாராளமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தக் கூட்டல்தான் என்னை ஏமாற்றியது.

2023 ஜூலை. முதல் நாள் இரவு ஜங்ஷன் ஊர்ப்பக்கம் தங்கிவிட்டு, மறுநாள் சாவகாசமாக மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். அந்தப் பக்கம் ஐ-10-ல் 80 மைல் வேகம் வரைக்கும் அனுமதி உண்டு. எல்லாரும் பறக்கிறார்கள், நான் 72-ல் போய்க்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. கண்ணாடியில் கறுப்பாக ஏதோ பட்டை பட்டையாகப் பறப்பது தெரிந்தது. பிறகுதான் டிரெய்லர் இடப்பக்கம் லேசாக இழுத்தது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, அரை மைல் தள்ளியிருந்த வெளியேறும் பாதைவரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். இடப்பக்கம் என்றால் இங்கே போக்குவரத்து ஓடும் பக்கம். நெடுஞ்சாலை ஓரத்திலேயே நிறுத்தி மாற்றியிருந்தால் என் முதுகுக்கு 3 அடி தள்ளி லாரிகள் போயிருக்கும். ரிம்மில் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று உருட்டியதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

டயர் இருந்த இடத்தில் இரண்டு வளையம் மட்டும் மிச்சம். பட்டன் பகுதி, அதாவது சாலையில் படும் வரிவரியான ரப்பர், முழுசாக உரிந்து போயிருந்தது. போகிற போக்கில் அது மட்கார்டைப் பிய்த்து, உள்பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு, அந்தச் சக்கரத்தின் பிரேக் வயரையும் அறுத்திருந்தது.

மாற்றுவதில் ஒரு பாடம். பிக்கப்போடு வந்த ஜாக்கி டிரெய்லருக்கு எட்டவில்லை. அச்சுக்குழாயின் நடுவில் ஜாக்கி கொடுக்கக் கூடாது, குழாய் வளைந்துவிடும் என்று படித்திருந்தேன். என்னிடம் இருந்தது, முகாமில் வண்டியைச் சமமாக நிறுத்தப் போடும் பலகைகள். இங்கே 2-க்கு 8 என்று விற்கும் பலகை, நிஜத்தில் ஒன்றரை அங்குலக் கனம். நாலை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல அடுக்கினால் 6 அங்குலம். பழுதான டயருக்கு முன்னால் இருக்கும் நல்ல டயரை அதன்மேல் ஏற்றியதும் பின்சக்கரம் தானாகத் தரையை விட்டு எழும்பியது. நட்டுகளை மட்டும் ஏற்றுவதற்கு முன்பே கால் சுற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டேன். இரட்டை அச்சு வண்டிக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. இப்போது பலகைகளை ஆணி அடித்து ஒரே படிக்கட்டாகச் செய்து வைத்திருக்கிறேன்.

ஸ்டெப்னியை இறக்கினால் அதில் 35 பி.எஸ்.ஐ.தான் இருந்தது. 12 வோல்ட் கையடக்கக் கம்ப்ரசர் 65-க்குக் கொண்டுவர 14 நிமிஷம் எடுத்தது. அந்த வெயிலில் அது நின்றுபோகாமல் ஓடியதே பெரிது. ஃபோர்ட் ஸ்டாக்டன் வரை 55 மைல் வேகத்தில் போய், அங்கே அதே அளவு, அதே லோட் ரேஞ்ச் டி, ஒரே ஒரு டயர் வாங்கி மாட்டினேன். மாட்டுக்கூலியோடு 210 டாலர். பழைய டயர், வெயில், கெட்ட நேரம் என்று முடிவு கட்டிவிட்டு மலைக்குப் போய் நட்சத்திரம் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.

அப்பா நாமக்கல்லில் 26 வருஷம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். வீடியோவில் உரிந்த டயரைக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பக்கத்து டயர என்ன பண்ணுன?"

"அது நல்லாத்தான் இருக்குங்கப்பா. பட்டன் ஆழமா இருக்கு."

"கண்ணு, ஜோடியில ஒண்ணு போச்சுன்னா அதோட பாரத்தையும் இன்னொண்ணுதான் சொமந்துட்டு வந்திருக்கும். வெளிய ஒண்ணுந் தெரியாது. அத நம்பாத."

டிரெய்லரில் லாரியில் போல ஒட்டினாற்போல உள்ளும் வெளியுமாக ஜோடி டயர் இல்லையே என்று எனக்குள் சமாதானம். ஆனால் விஷயம் ஒன்றேதான். முன் அச்சின் ஸ்பிரிங் பட்டையும் பின் அச்சின் பட்டையும் நடுவில் ஒரு இணைப்பில் சேர்ந்திருக்கின்றன. பின்டயர் போனதும், நான் உருட்டிக்கொண்டு வந்த அரை மைலும் இடப்பக்க முன்டயர்தான் ஏறக்குறைய இரண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கிறது. அதே டயரைத்தான் பலகைமேல் வேறு ஏற்றினேன். அப்பா சொல்லியும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கால்வெஸ்டன் கடற்கரைக்குக் கிளம்பும் முன் டயர்களைக் கையால் தடவினேன். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது, டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் அவர் இரும்புத் தடியால் உள்டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார், வெளிடயரை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவுவார். அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. இடப்பக்க முன்டயரில், பட்டனின் நடுவில் முட்டை அளவுக்கு ஒரு மேடு. கண்ணால் பார்த்தால் தெரியாது, கைக்கு மட்டும் தெரிந்தது. ரப்பருக்கு அடியில் இருக்கும் கம்பிப் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பித்திருந்தன. அன்றைய பயணத்தை ரத்து செய்தோம். மகனுக்கு அழுகை. எனக்கு அப்பா சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே டிரெய்லருக்கு அடியில் படுத்து டயர் செய்த தேதியைத் தேடினேன். டி.ஓ.டி. என்று தொடங்கும் முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். என் வண்டியில் அது உள்பக்கம் திரும்பியிருந்ததால் இத்தனை நாள் பார்த்ததே இல்லை. கடைசி நாலு இலக்கம் 3016, அதாவது 2016-ன் 30-வது வாரம். வெடித்த அன்று அந்த டயர்களுக்கு 7 வயது. பட்டன் ஆழமாக இருந்ததே என்று நான் திருப்தியாக இருந்தேன். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வருஷத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் வெயிலில் நின்று, உள்ளுக்குள்ளேயே ரப்பர் இறுகிச் சாகிறது.

வயது ஒரு காரணம். ஆனால் நாலுக்கும் ஒரே வயதுதான். இடப்பக்கம் இரண்டுமே போய், வலப்பக்கம் இரண்டும் ஏன் நன்றாக இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புது டயர் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

விடை தராசில் இருந்தது. முதலில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடையில் நிறுத்தினேன். 15 டாலருக்குள் முடிந்தது. டிரெய்லரின் இரண்டு அச்சும் சேர்ந்து 7,940 பவுண்டு என்று சீட்டு வந்தது. நாலால் வகுத்தால் டயருக்கு 1,985. டயர் தாங்குவது 2,540. மறுபடியும் எல்லாம் சரி என்றே கணக்குச் சொன்னது. அந்த மேடை அச்சுகளின் எடையைத்தான் சொல்லும், இடது வலது பிரித்துக் காட்டாது.

ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற டிரெய்லர்வாசிகள் சங்கத்தின் தலைமையிடம் இருக்கிறது. அங்கே ஸ்மார்ட்வே என்று ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு, பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். இடப்பக்க இரண்டு சக்கரத்துக்கும் மாற்று டயர் போட்டிருந்தேன்: பின்னால் ஃபோர்ட் ஸ்டாக்டனில் வாங்கியது, முன்னால் ஸ்டெப்னி. எழுதிக் கொடுத்த தாள் இன்னும் டிரெய்லர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் முன் 2,210, பின் 2,290. வலப்பக்கம் முன் 1,680, பின் 1,760. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 1,060 பவுண்டு கூட. கிட்டத்தட்ட அரை டன்.

யோசித்தால் காரணம் கண்முன்னாலேயே இருந்தது. வெளியே தள்ளி விரிக்கும் அறை எங்கள் வண்டியில் இடப்பக்கம். அதன் மோட்டார், சட்டம், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் அங்கே. அடுப்பும் ஃபிரிட்ஜும் அதே பக்கம். கம்பெனியில் செய்ததற்கு மேல் நாங்கள் ஏற்றியது: 20 பவுண்டு அரிசி மூட்டை, வெட் கிரைண்டர், இரண்டு இரும்பு தோசைக்கல், குக்கர்கள், பருப்பு டப்பாக்கள். என் கருவிப் பெட்டி வேறு, பின்பக்கம் இடது மூலையில்.

அடுத்தது காற்று. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. வாங்கிய புதிதில் மேடுபள்ளத்தில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கி இரண்டு தட்டு உடைந்தது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஓட்டம் மெத்தென்று இருக்குமே என்று 65-லிருந்து 50-க்கு இறக்கி வைத்தேன். வண்டியின் இடப்பக்க முன்மூலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குளிர்ந்த டயருக்கு 65 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அதே அளவு டயர் 50 பி.எஸ்.ஐ.யில் தாங்குவது 2,150 பவுண்டுதான். என் இடப்பக்கப் பின்சக்கரத்தில் நின்றது 2,290. முன்சக்கரத்தில் 2,210. ஏழு வயது ரப்பர், அளவுக்கு மேல் பாரம், குறைந்த காற்று, 72 மைல் வேகம். வேகக் குறியீடு எதுவும் போடாத எஸ்.டி. டயருக்கு 65 மைல்தான் எல்லை. அந்த டயர் சொனோரா தாண்டும் வரை தாக்குப்பிடித்ததே அதிகம்.

அப்பாவிடம் எண்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "காத்தக் கொறச்சா டயரு மடிஞ்சு மடிஞ்சு ஓடும், சூடேறும். உனக்கு நாஞ் சொல்லிக் குடுத்திருக்கோணும்" என்றார். நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

இனி டயர் தேடல். கணக்கைத் தலைகீழாக மாற்றினேன். மொத்த எடையை நாலால் வகுப்பதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே அதிகம் சுமக்கும் ஒற்றைச் சக்கரத்தை எடுத்துக்கொண்டேன்: 2,290. அது டயரின் தாங்குதிறனில் 80-லிருந்து 85 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட அளவுகோல். 2,290-ஐ 0.85-ஆல் வகுத்தால் 2,694. லோட் ரேஞ்ச் டி அடிபட்டுப் போனது.

முதல் ஆசை 16 அங்குல ரிம்முக்கு மாறுவது. எஸ்.டி. 235/80 ஆர் 16, லோட் ரேஞ்ச் ஈ, 80 பி.எஸ்.ஐ.யில் 3,400 பவுண்டுக்கு மேல் தாங்கும். அதே அளவில் முழுக்க எஃகு இழையால் ஆன, 110 பி.எஸ்.ஐ. ஏற்றும் ஜி ரகமும் கிடைக்கிறது. கனமான டிரெய்லர் இழுக்கிற பலர் அதைத்தான் புகழ்கிறார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். இரண்டு அச்சுக்கும் நடுவே 33 அங்குலம். இப்போதைய டயரின் உயரம் 28.3 அங்குலம், ஆக இரண்டு டயருக்கும் இடைவெளி 4.7. 16 அங்குல டயரின் உயரம் 30.8. இடைவெளி 2.2 ஆகச் சுருங்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டயருக்கும் மேல்தகட்டுக்கும் எனக்கு 3 அங்குலம்தான் இருக்கிறது. பெரிய டயர் அதில் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடும். பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் டயர் தகட்டில் உரசும். அச்சைத் தாழ்த்தி வண்டியை உயர்த்தினால் முடியும், ஆனால் அது தனிச்செலவு, புது ரிம்கள் வேறு. கைவிட்டேன்.

பிக்கப்புகளுக்குப் போடும் எல்.டி. டயரையும் பார்த்தேன். சாலைப்பிடிப்பு நல்லது என்று சொல்கிறார்கள். எல்.டி. 225/75 ஆர் 16 ஈ ரகம் 80 பி.எஸ்.ஐ.யில் 2,680. எனக்கு வேண்டிய 2,694-க்குக் கொஞ்சம் கீழே, அதுவும் 16 அங்குலம். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிஞ்சியது அதே 225/75 ஆர் 15 அளவில் லோட் ரேஞ்ச் ஈ. 80 பி.எஸ்.ஐ.யில் 2,830 பவுண்டு. கார்லைல், மேக்சிஸ், குட்இயர் என்று மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு குட்இயர் என்டியூரன்ஸ் எடுத்தேன். 2017-ல் வந்த டயர், அமெரிக்காவிலேயே செய்வது, வேகக் குறியீடு என், அதாவது 87 மைல். நான் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. 65-ல் போகும்போது வெப்பத்துக்கு அவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்காகத்தான் அது எனக்கு முக்கியம். ஒன்று 168 டாலர், ஐந்து வாங்கினேன். கடையில் மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் தேதியையும் நானே குனிந்து பார்த்தேன். எல்லாம் 3123. ஒரு வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த டயரை அதே விலைக்கு வாங்காதீர்கள்.

டயர் 80 பி.எஸ்.ஐ. ஏற்றினால் போதாது, ரிம்மும் தாங்க வேண்டும். அலுமினிய ரிம்களின் உள்பக்கம் துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாலிலும் 2,830 என்று வார்த்திருந்தது. நிம்மதி. ஸ்டெப்னியின் இரும்பு ரிம்மில் மட்டும் 2,540. ஸ்டெப்னி என்ற பெயரே 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்தவர்களால் வந்தது. தெருவின் பெயர் நம் ஊர் டிரைவர் வாயில் நூறு வருஷமாக நிலைத்துவிட்டது, ஆனால் அந்தச் சக்கரத்தை எடுத்துப் பார்க்கிறவர் யாருமில்லை. நானும் பார்த்ததில்லை. 6 போல்ட், ஐந்தரை அங்குல வட்டம், 2,830 பவுண்டு தாங்கும் இரும்பு ரிம் புதிதாக 78 டாலர்.

வால்வில் மறுபடி இடறினேன். டயர் மாட்டிய கடையில் வழக்கமான ரப்பர் வால்வைப் போட்டுவிட்டார்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். எனக்கு அது தெரியாது, நானும் கேட்கவில்லை. அதன் நுனியில் காற்றழுத்தம் காட்டும் பித்தளை சென்சாரைத் திருகினேன். மூன்றாவது வாரம் வலப்பக்க முன்டயரில் ராத்திரிக்கு ராத்திரி 4 பி.எஸ்.ஐ. இறங்கியது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் வால்வின் அடியில் குமிழி. சென்சாரின் எடையில் வால்வு சாய்ந்து, ரப்பர் அடியில் கீறியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வு போட்டேன். வால்வு ஒன்று 4 டாலர்தான். கழற்றி மாட்டும் கூலி ஒவ்வொன்றுக்கும் 15. முதலிலேயே வால்வை நானே வாங்கிக் கையில் கொடுத்திருந்தால் 75 டாலர் மிச்சம்.

சக்கரம் மாட்டுவது வீட்டு வாசலிலேயே. அரை அங்குல வீல் போல்ட்டுக்கு மூன்று கட்டமாக இறுக்கினேன்: 25, பிறகு 55, கடைசியில் 110 அடி-பவுண்டு. எதிரெதிர் போல்ட்டாக, நட்சத்திரம் போடுவது மாதிரி. 10, 25, 50 மைலில் மறுபடி நிறுத்தி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும் என்று அச்சுக்கான கையேட்டில் இருந்தது. 10 மைலில் இரண்டு நட்டு கால் சுற்று நகர்ந்தது. 25-ல் ஒன்று. 50-ல் எதுவும் அசையவில்லை. அலுமினிய ரிம் முதல் ஓட்டத்தில் உட்கார்ந்து இறங்குகிறது. இம்பேக்ட் கன்னால் ஒரே அடியாக முடுக்கிவிட்டுக் கிளம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

பாரத்தைப் பிரித்துவைப்பது மனைவியின் வேலையாகிவிட்டது, என்னைவிட நன்றாகச் செய்தாள். "கிரைண்டர் கட்டிலுக்கு அடியில போகட்டுங்க, அரிசி அந்தப் பக்கம் போகட்டும்" என்று குளியலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதினாள். கருவிப் பெட்டி மட்டும் 61 பவுண்டு. எல்லாம் வலப்பக்கம் போனது. இதோடு இன்னொன்று: டிரெய்லரின் மூக்கு உயர்ந்திருந்தது. டிரெய்லர் அடிச்சட்டத்தின் உயரம் முன்னால் 21 அரை அங்குலம், பின்னால் 20. மூக்கு தூக்கினால் பின் அச்சில் பாரம் கூடும். பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் கொக்கிக் குண்டை ஒரு துளை, அதாவது ஒன்றேகால் அங்குலம், கீழே இறக்கினேன். மறுபடி லிவிங்ஸ்டன். இடப்பக்கம் 2,120, 2,150. வலப்பக்கம் 1,810, 1,830. அதிகம் சுமக்கும் சக்கரத்தில் 140 பவுண்டு குறைந்தது. 2,830-ல் 2,150 என்றால் 76 சதவீதம். இடது வலது வித்தியாசம் இன்னும் 630 இருக்கிறது. விரியும் அறையை வலப்பக்கம் தூக்கி வைக்க முடியாது. மீதியை டயர் சுமக்கட்டும்.

காற்றை 80-லேயே வைக்கிறேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் ஓடுகிறது. பாத்திரங்களுக்கு இடையில் துண்டு மடித்து வைத்தால் சத்தமில்லை. முதல் வருஷமே இதைச் செய்திருக்கலாம்.

இந்த ஜூலைப் பயணத்தில் சென்சாரில் பார்த்தது: காலை 78 டிகிரியில் நாலும் 80 பி.எஸ்.ஐ. மதியம் மூன்று மணிக்கு ஒசோனா அருகே வலப்பக்கம் 90, இடப்பக்கம் 93. மேற்கே போகும்போது இடப்பக்கம் தெற்கு, வெயில் அந்தப் பக்கம், பாரமும் அந்தப் பக்கம். முதல் தடவை அந்த 93-ஐப் பார்த்ததும் காற்றைக் கொஞ்சம் விடலாமா என்று கை போனது. விடக் கூடாது. சூட்டில் ஏறுவதையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த அளவைச் சொல்கிறார்கள். நான் கவனிப்பது எண்ணை அல்ல, ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிட்டு விலகுகிறதா என்பதை. இப்போது 64 மைலுக்கு மேல் போவதில்லை. மதியம் கிளம்புவதும் இல்லை, விடிகாலை ஐந்தரைக்கே சாலையில் இருப்போம்.

செலவு. டயர் 840, மாட்டி பேலன்ஸ் பார்க்க 125, உலோக வால்வும் இரண்டாம் கூலியும் 95, இரும்பு ரிம் 78, சென்சார் செட் 190. ஆக 1,328 டாலர். வெடித்த நாளின் கணக்கு தனி: ஃபோர்ட் ஸ்டாக்டன் டயர் 210, மட்கார்டு 140, தகடும் பிரேக் வயரும் 35, மொத்தம் 385. அந்த 210 டாலர் டயரை, சின்ன டிரெய்லரில் புல்வெட்டும் இயந்திரம் ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்யப்போவது சில. வண்டி வாங்கிய வாரமே சக்கரம் சக்கரமாக எடை போடுவேன். ஒரு பக்கம் டயர் வெடித்தால் அந்தப் பக்கம் இரண்டையும் சேர்த்தே மாற்றுவேன். ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் வாங்குவேன், இப்போது அதை மாதம் ஒருமுறை கேஜ் வைத்துத்தான் பார்க்கிறேன். நிறுத்தி வைக்கும் மாதங்களில் நாலுக்கும் வெள்ளை உறை போட ஆரம்பித்திருக்கிறேன், டயருக்கு அடியில் பலகையும். 2029-ல் பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ஐந்தையும் கழற்றிவிடுவேன். தேதியை அலமாரிக் கதவில் ஒட்டிய எடைத்தாளிலேயே எழுதியாகிவிட்டது.

இதுவரை 6,800 மைல். புதிதில் 8/32 அங்குலம் இருந்த பட்டன் மூன்று டயரில் 7/32-ல் சமமாக நிற்கிறது. வலப்பக்க முன்டயரில் மட்டும் வெளிவிளிம்பு 7, உள்விளிம்பு 6. குறைவாகச் சுமக்கும் பக்கத்தில், அதுவும் உள்விளிம்பில் தேய்கிறது என்றால் பாரத்தின் வேலையாகத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அச்சு முனைகளுக்கு நடுவே நூல் பிடித்து அளந்தேன். இடப்பக்கம் 33 அங்குலம், வலப்பக்கம் 33-க்கு மேல் 3/16. முன் அச்சு லேசாகத் திரும்பியிருக்கிறது போலிருக்கிறது. அக்டோபரில் அச்சு நேராக்கும் பட்டறைக்கு எடுத்துப் போகிறேன். அதுவரை மாதம் ஒருமுறை அந்த டயரை மட்டும் மூன்று இடத்தில் அளந்து எழுதி வைக்கிறேன்.